திருப்பூரில் இருந்தபடி தாராபுரத்து ரவுட்டரைப் பார்த்துக்கொள்வது எப்படி: எஸ்என்எம்பி பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூரை மையமாக வைத்துப் பல்லடம், காங்கேயம், தாராபுரம், உடுமலை எனக் கிளை பிரியும் ஒரு சிறிய இணையச் சேவை வலையமைப்பை நான் கவனித்து வருகிறேன். எங்களிடம் புதிதாக வேலைக்குச் சேரும் இளைஞர்கள் பெரும்பாலும் கோவை, ஈரோடு, பெருந்துறைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் ரவுட்டர்கள் தங்களுக்குள் பாதைகளைப் பரிமாறிக்கொள்ள உதவும் ஓஎஸ்பிஎஃப், பிஜிபி ஆகிய நெறிமுறைகளின் இலக்கணத்தை நன்றாகப் படித்தவர்கள். ஆனால் ஒரு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் இருக்கும் ரவுட்டருக்குள் அந்த நெறிமுறை இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால், உடனே வண்டிச் சாவியைத் தேடுகிறார்கள். இருக்கையை விட்டு எழாமலே அதைத் தெரிந்துகொள்ளவும், தேவையானால் மாற்றவும், வலையமைப்புக் கருவிகளைத் தொலைவிலிருந்து மேலாண்மை செய்யும் நெறிமுறையான எஸ்என்எம்பி இடம் தருகிறது. அதைத் தொடங்கும் முறையை, நாங்கள் செய்து பழகிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு நிகழ்வைச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஐப்பசி மழையில் இடி இறங்கித் தாராபுரத்து ரவுட்டர் பழுதானது. மறுநாளே வேறொரு பெட்டி மாற்றப்பட்டது. மாலையில் அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். "பொட்டியில பச்ச லைட்டு எரியுதுங்க தம்பி, ஆனா ஒருத்தருக்கும் நெட்டு வர்லீங்களே" என்றார். அவர் சொன்ன இரண்டுமே உண்மை. கம்பி உயிரோடு இருந்தது. அதன் மேல் ஓட வேண்டிய ஓஎஸ்பிஎஃப் மட்டும் பாதியில் நின்றிருந்தது. அன்று நான் தாராபுரம் போகாமலே பிழையைக் கண்டுபிடித்தேன். அது எப்படி என்பதைப் பின்னால் உரிய இடத்தில் விளக்குகிறேன்.

திரும்பி வரும் வழி

பலர் கடைசியில் நினைத்துப் பார்ப்பதை நான் முதல் படியாக வைக்கிறேன். எந்த நெறிமுறையைக் கண்காணிக்கிறீர்களோ, அந்த நெறிமுறையை நம்பி உங்கள் கண்காணிப்பு நடக்கக் கூடாது. திருப்பூரில் உள்ள மேலாண்மைக் கணினியின் முகவரி 10.10.5.20 என்றும், திருப்பூர் ரவுட்டரும் தாராபுரம் ரவுட்டரும் இணையும் கம்பியின் இரு முனைகள் 10.20.0.1, 10.20.0.2 என்றும் வைத்துக்கொள்வோம். நீங்கள் அனுப்பும் கேள்வி 10.20.0.2 வரை போய்ச் சேர்ந்துவிடும், ஏனென்றால் அது திருப்பூர் ரவுட்டரோடு நேராக இணைந்த வலை. ஆனால் 10.10.5.20 எங்கே இருக்கிறது என்பதைத் தாராபுரம் ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப் மூலமாகத்தான் அறிந்திருக்கிறது என்றால், ஓஎஸ்பிஎஃப் விழுந்த கணத்தில் பதில் திரும்பி வர வழியில்லாமல் போய்விடும். பெட்டியே செத்துவிட்டது என்று உங்கள் திரை சொல்லும். பெட்டியோ நன்றாகத்தான் இருக்கும்.

இதற்கு மருந்து எளிது. தாராபுரம் ரவுட்டரில் 10.10.5.20 என்ற ஒற்றை முகவரிக்கு மட்டும், /32 அளவில், 10.20.0.1 வழியாக ஒரு நிலையான பாதையை எழுதி வைத்துவிடுங்கள். கம்பியே அறுந்துபோனால் இது உதவாது; சாலை விரிவாக்கப் பணியில் பொக்லைன் ஒருமுறை குழி தோண்டினால் போதும், ஃபைபர் போய்விடும். அதற்காக ஒவ்வொரு கிளையிலும் சிம் அட்டை போட்ட சிறு மோடம் ஒன்றை இரண்டாம் வழியாக வைப்பது நல்லது. செலவைப் பார்த்துத் தயங்குகிறவர்களிடம், நள்ளிரவில் ஒருமுறை தாராபுரம் போய்வரும் பெட்ரோலையும் தூக்கத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

பூட்டு

எஸ்என்எம்பியின் முதல் பதிப்பு 1990இல் ஆர்எஃப்சி 1157 என்ற ஆவணமாக வரையறுக்கப்பட்டது. அதிலும், அதற்குப் பின் வந்து இன்றும் பரவலாகப் புழங்கும் 2சி பதிப்பிலும், 'கம்யூனிட்டி' என்ற ஒரு சொல்தான் கடவுச்சொல்லாக நிற்கிறது. அந்தச் சொல் கம்பியில் மறைப்பே இல்லாமல் போகும். நடுவில் பொதிகளை, அதாவது கம்பியில் போகும் தரவுத் துண்டுகளைப் பிடித்துப் பார்க்கும் எவரும் அதைப் படித்துவிடலாம். 'பப்ளிக்', 'பிரைவேட்' என்ற தொழிற்சாலைச் சொற்களை மாற்றாமல் விட்ட ரவுட்டரை, கதவைத் திறந்து போட்டுவிட்டுச் சந்தைக்குப் போன வீடு என்றே கருத வேண்டும். ஆகவே 2002 டிசம்பரில் தரமாக வெளியான மூன்றாம் பதிப்பையே பயன்படுத்துங்கள். அதில் ஒரு பயனரை உருவாக்கி, அடையாளச் சோதனை, மறையாக்கம் இரண்டும் கட்டாயமான 'ஆத்பிரிவ்' நிலையில் வையுங்கள். அடையாளத்துக்கு எஸ்எச்ஏ, மறைப்புக்கு ஏஇஎஸ் என்று தேர்ந்தெடுங்கள். இரண்டு கடவுச்சொல்லும் குறைந்தது 8 எழுத்து இருக்க வேண்டும். நான் 20க்குக் குறைவாக வைப்பதில்லை.

அந்தப் பயனர் எந்தக் கிளையைப் படிக்கலாம், எதை எழுதலாம் என்பதை 'வியூ' எனப்படும் வரம்புகளால் வரையறுக்கலாம். படிக்க ஒரு பயனர், எழுத வேறொரு பயனர் என்று பிரித்துவிடுங்கள். எழுதும் பயனருக்கு மிகக் குறுகிய வரம்பு போதும். இவற்றோடு, யுடிபி 161ஆம் போர்ட்டுக்கு வரும் கேள்விகளை 10.10.5.20 இலிருந்து மட்டும் ஏற்கும்படி ரவுட்டரில் அணுகல் பட்டியல் ஒன்றையும் போடுங்கள்.

எண்களைப் படிக்கும் முறை

மிப் என்பது ரவுட்டருக்குள் இருக்கும் பொருள்களின் பதிவேடு. ஒவ்வொரு பொருளுக்கும் ஓஐடி என்ற நீண்ட எண் உண்டு. நிலத்தைப் பட்டாவில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு என்று படிப்படியாகச் சுருக்கிக் குறிக்கிறோம் அல்லவா, இதுவும் அதே முறைதான். 1.3.6.1.2.1 என்று தொடங்குபவை எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான பொருள்கள். அதன் கீழ் 14 என்றால் ஓஎஸ்பிஎஃப், 15 என்றால் பிஜிபி, 23 என்றால் ரிப் என்ற இன்னொரு பாதை நெறிமுறையின் இரண்டாம் பதிப்பு. 1.3.6.1.4.1 என்று தொடங்குபவை தனித்தனி நிறுவனங்களின் சொந்த இடம்: சிஸ்கோவுக்கு 9, ஜூனிப்பருக்கு 2636, மைக்ரோடிக்குக்கு 14988. புதியவர்கள் பொதுவான பகுதியிலேயே நின்று பழகுவது நல்லது, ஏனென்றால் பெட்டி மாறினாலும் அந்த அறிவு வீணாகாது.

லினக்ஸ் கணினியில் நெட்-எஸ்என்எம்பி தொகுப்பை நிறுவினால் கெட், வாக், செட் ஆகிய கருவிகள் கிடைக்கும். கெட் ஒரு பொருளைக் கேட்கும், வாக் ஒரு கிளை முழுவதையும் நடந்து பார்க்கும், செட் எழுதும். முதல் கேள்வியாக 1.3.6.1.2.1.1.3.0 என்ற பொருளைக் கேளுங்கள். ரவுட்டரின் மேலாண்மைப் பகுதி இயங்கத் தொடங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை நொடியின் நூறில் ஒரு பங்காக அது சொல்லும். இதை எளிதாக எடைபோட வேண்டாம். ஒரு கிளை இணைப்பு விட்டு வந்ததாகப் புகார் வரும்போது, இந்த எண் சிறியதாக இருந்தால் பெட்டி அணைந்து எழுந்திருக்கிறது. மின்சாரத்தையும் யுபிஎஸ்ஸையும் பார்க்க வேண்டும். எண் பெரியதாக இருந்தால் பெட்டி விழவில்லை, கம்பியையோ நெறிமுறையையோ பார்க்க வேண்டும். சுமார் 497 நாளில் அந்த எண்ணி நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஓஎஸ்பிஎஃப்: அண்டை ரவுட்டரின் நிலை

ஓஎஸ்பிஎஃப் பகுதியில் நாள்தோறும் பார்க்க வேண்டியது அண்டை ரவுட்டர்களின் அட்டவணை. அதன் எண் 1.3.6.1.2.1.14.10. அதில் ஆறாவது நெடுவரிசை நிலையைக் காட்டுகிறது. தாராபுரத்து அண்டையைப் பற்றித் திருப்பூர் ரவுட்டரிடம் கேட்க வேண்டுமானால் முழு எண் இப்படி அமையும்: 1.3.6.1.2.1.14.10.1.6.10.20.0.2.0. கடைசியில் இருக்கும் 10.20.0.2 அண்டையின் ஐபி முகவரி. அதற்குப் பின் வரும் சுழியம், அந்த இணைப்புக்கு முகவரி உண்டு என்பதைக் குறிக்கிறது. இதை ஒருமுறை கையால் எழுதிப் பார்த்தவருக்கு எந்த அட்டவணையும் பிறகு பயம் தராது.

பதிலாக 1 முதல் 8 வரை ஓர் எண் வரும். 1 என்றால் அண்டை இல்லை. 3 என்றால் அவர் குரல் நமக்குக் கேட்கிறது, நம் குரல் அவருக்குக் கேட்டதற்கு அடையாளம் இல்லை. 4 என்றால் இருவழியும் கேட்கிறது. 5, 6, 7 ஆகியவை தரவுத்தளத்தைப் பரிமாறிக்கொள்ளும் இடைநிலைகள். 8 என்றால் முழு இணக்கம். இருமுனைக் கம்பியில் 8 தவிர வேறெதுவும் நிலைத்து நிற்கக் கூடாது. ஆனால் பல ரவுட்டர்கள் ஒரே ஈதர்நெட் வலையில் கூடியிருக்கும் இடத்தில், தலைமை ரவுட்டரோ மாற்றுத் தலைமையோ அல்லாத இருவருக்கிடையே 4 என்பதே இயல்பு. அதைப் பிழை என்று நினைத்து எச்சரிக்கை மணி அடிக்க வைத்தால், இரண்டாம் நாளே எல்லாரும் மணியைப் புறக்கணிக்கத் தொடங்குவார்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அண்டை முழுவதுமாகப் போய்விட்டால், பல ரவுட்டர்களில் அந்த வரிசையே அட்டவணையிலிருந்து நீங்கிவிடும். அப்போது 1 என்ற பதில் வராது. அப்படி ஒரு பொருள் இல்லை என்ற பதில்தான் வரும். எண் 8க்குக் குறைந்தால் மட்டும் எச்சரிக்கும்படி எழுதிய நிரல் அந்த நேரத்தில் வாய் திறக்காது. வரிசை காணாமல் போவதையும் பிழையாகக் கணக்கில் எடுக்கும்படி உங்கள் கண்காணிப்பு நிரலை அமையுங்கள்.

இப்போது அந்த ஐப்பசி மாலைக்கு வருகிறேன். திருப்பூர் ரவுட்டரிடம் கேட்டபோது கம்பியின் இயக்க நிலை, அதாவது 1.3.6.1.2.1.2.2.1.8 என்ற நெடுவரிசை, 1 என்று காட்டியது. பெரியவர் பார்த்த பச்சை விளக்கு அதுதான். ஆனால் அண்டை நிலை 5. ஒரு நிமிடம் கழித்துக் கேட்டேன், அப்போதும் 5. பக்கத்து நெடுவரிசையில், அதாவது 14.10.1.7இல் (1.3.6.1.2.1 என்ற முன்பகுதியை இனிச் சில இடங்களில் விட்டுவிடுகிறேன்), நிலை மாற்றங்களின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. இருவரும் பேசத் தொடங்கிப் பேச்சு முறிந்து மறுபடியும் தொடங்குகிறார்கள் என்பது அதன் பொருள். 5இல் சிக்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது எம்டியு, அதாவது ஒரு பொதி எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற அளவு. இரு முனையிலும் அது வேறுபட்டால், தன் அளவைவிடப் பெரிய எம்டியுவை அறிவிக்கும் தரவுத்தள விவரப் பொதியை ஓஎஸ்பிஎஃப் ஏற்காது.

நிலையான பாதை இருந்ததால் தாராபுரம் ரவுட்டரிடமே நேராகக் கேட்க முடிந்தது. 1.3.6.1.2.1.4.20.1.2.10.20.0.2 என்ற பொருளைக் கேட்டால், அந்த ஐபி முகவரி எந்த வரிசை எண் கொண்ட இடைமுகத்தில், அதாவது ரவுட்டரின் இணைப்பு வாயிலில், இருக்கிறது என்று சொல்லும். அன்று 3 என்று வந்தது. பிறகு 1.3.6.1.2.1.2.2.1.4.3 என்று கேட்டேன். 1400 என்றது. திருப்பூர் முனையில் 1500. மாற்றுப் பெட்டியில், 'டனல்' எனப்படும் சுரங்க இணைப்பு ஓடும் வேறொரு கிளையின் அமைப்பு நகல் அப்படியே ஏற்றப்பட்டிருந்தது. எம்டியு எஸ்என்எம்பியில் படிக்க மட்டுமே கூடிய பொருள் என்பதால், தொலைவிலிருந்து கட்டளை தர உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே சென்று 1500 ஆக மாற்றினேன். அடுத்த கேள்விக்கு 8 என்று பதில் வந்தது. தொலைபேசியில் பெரியவர், "வந்துருச்சுங்க தம்பி" என்றார்.

பிஜிபி: 'ஆக்டிவ்' என்ற சொல்லில் ஏமாறாதீர்கள்

வெளி இணையத்தோடு நம்மை இணைக்கும் பிஜிபியின் அண்டை அட்டவணை 1.3.6.1.2.1.15.3. அதன் இரண்டாவது நெடுவரிசை நிலை. இறுதியில் அண்டையின் ஐபி முகவரியைச் சேர்க்க வேண்டும். பதில் 1 முதல் 6 வரை. 6 மட்டுமே நிலைநாட்டப்பட்ட தொடர்பு. 3க்குப் பெயர் 'ஆக்டிவ்'. பெயரைப் பார்த்துப் பலர் நிம்மதியடைகிறார்கள்; உண்மையில் அது தொடர்பு கிடைக்காமல் மறுபடி மறுபடி முயன்றுகொண்டிருக்கும் நிலை.

16ஆவது நெடுவரிசை, தொடர்பு நிலைநாட்டப்பட்டு எத்தனை நொடி ஆயிற்று என்று சொல்லும். நிலை 6 என்றே காட்டினாலும் இந்த எண் சில நிமிடத்துக்கு ஒருமுறை சுழியத்திலிருந்து தொடங்கினால், இடையில் தொடர்பு விழுந்து எழுகிறது என்று அறியலாம். 14ஆவது நெடுவரிசை கடைசிப் பிழையை இரண்டு பைட்டில் தரும். முதல் பைட் 4 என்றால் காத்திருப்பு நேரம் முடிந்தும் எதிர்முனையிலிருந்து செய்தி வரவில்லை. 2, 2 என்றால் ஏஎஸ் எண், அதாவது எதிர்முனை வலையமைப்பின் அடையாள எண், பொருந்தவில்லை. 6, 1 என்றால் ஒப்புக்கொண்ட எண்ணிக்கைக்கு மேல் பாதைகள் அறிவிக்கப்பட்டதால் தொடர்பு துண்டிக்கப்பட்டது. மேல்நிலைச் சேவை நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைக்கும் முன் இந்த இரண்டு பைட்டைக் கையில் வைத்திருங்கள். பேச்சு பாதி நேரத்தில் முடியும். இந்த அட்டவணை ஐபி நான்காம் பதிப்பு அண்டைகளுக்கு மட்டுமே உரியது. ஆறாம் பதிப்புக்கு நிறுவனத்தின் சொந்தக் கிளையைத்தான் நாட வேண்டும்.

முழு இணையப் பாதைகளையும் தாங்கும் ரவுட்டரில் 15.6 என்ற கிளையையோ 4.24 என்ற பாதை அட்டவணைக் கிளையையோ வாக் கருவியால் நடக்க விடாதீர்கள். இன்று உலக அளவில் நான்காம் பதிப்புப் பாதைகள் ஏறத்தாழ பத்து லட்சம். அத்தனையையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னால் ரவுட்டரின் செயலி மூச்சுத் திணறும். படிக்கும் பயனரின் வரம்பிலிருந்தே அந்தக் கிளைகளை நீக்கிவிடுவது மேல்.

எழுதுதல்

படிப்பதில் ஒரு மாதம் பழகாதவரை நான் எழுத விடுவதில்லை. பழகியபின் முதல் பயிற்சியாக, ரவுட்டர் இருக்கும் இடத்தைக் குறிக்கும் 1.3.6.1.2.1.1.6.0 என்ற பொருளில் ஊர்ப்பெயரை எழுதச் சொல்வேன். அது தவறினாலும் ஒருவருக்கும் இணைப்பு போகாது. எந்தப் பொருளை எழுதலாம் என்பது மிப் கோப்பில் குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் கோப்பு இடம் தந்தாலும், பல நிறுவனங்கள் தங்கள் பெட்டியில் அதைப் படிக்க மட்டுமே விடுகின்றன. அப்போது எழுத முடியாது என்ற பிழை வரும். இதில் வியப்பில்லை. அமைப்புகளை மாற்ற நெட்கான்ஃப் என்ற நெறிமுறை, யாங் என்ற விவரிப்பு மொழி ஆகியவற்றையே நாட வேண்டும் என்று இணையத் தர அமைப்பான ஐஇடிஎஃப்பின் வழிகாட்டும் குழு 2014இல் அறிவித்தது. ஆகவே எஸ்என்எம்பியைக் கண்ணாக வைத்துக்கொண்டு, கையாக மிகச் சில இடங்களில் மட்டும் பயன்படுத்துவதே என் முறை.

அந்தச் சில இடங்களில் ஒன்று, எந்தக் கம்பி வழியாகப் போகலாம் என்று ஓஎஸ்பிஎஃப் தீர்மானிக்கப் பயன்படுத்தும் செலவு மதிப்பு. பராமரிப்புக்கு முன் ஒரு கம்பியிலிருந்து போக்குவரத்தை வேறு கம்பிக்கு மெல்ல ஒதுக்க, 1.3.6.1.2.1.14.8.1.4.10.20.0.1.0.0 என்ற பொருளின் மதிப்பை உயர்த்தினால் போதும், தொடர்பு அறுவதில்லை. இன்னொன்று பிஜிபி அண்டையின் நிர்வாக நிலை, 15.3.1.3: 1 எழுதினால் அந்தத் தொடர்பு நிற்கும், 2 எழுதினால் மீண்டும் தொடங்கும்.

அண்டை ரவுட்டர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதை ஒருவருக்கொருவர் அறிவிக்கும் ஹலோ செய்தியின் இடைவெளியை மாற்றுவது இவற்றைவிட ஆபத்தானது. வழக்கமாக ஹலோ 10 நொடி, காத்திருப்பு 40 நொடி. இரு முனையிலும் இவை ஒன்றாக இருந்தால்தான் அண்டை உறவு நிலைக்கும். மாற்ற நேர்ந்தால் 14.7.1.9, 14.7.1.10 ஆகிய இரண்டையும் ஒரே செட் கட்டளையில் சேர்த்து அனுப்புங்கள். ஒரே கட்டளையில் போகும் மாற்றங்களில் ஒன்று தவறினாலும் எதுவும் நடைமுறைக்கு வரக் கூடாது என்பது விதி. முதலில் தாராபுரம், பிறகு திருப்பூர். தொலைவில் உள்ள முனையை முதலில் மாற்றிவிட்டால், அருகில் உள்ளதை எந்த நிலையிலும் மாற்றிக்கொள்ளலாம். இதே காரணத்தால், கம்பியின் நிர்வாக நிலையைத் தொலை முனையில் ஒருபோதும் 2 ஆக்காதீர்கள் (பிஜிபியில் போலன்றி, இங்கே 2 என்றால் நிறுத்து). திருப்பூர் முனையில் நிறுத்தினால் திருப்பூரிலிருந்தே மறுபடி திறக்கலாம். தாராபுரம் முனையில் நிறுத்திவிட்டால், அதைத் திறக்கச் சொல்லும் கட்டளை போய்ச்சேர அந்தக் கம்பியே இருக்காது.

எழுதிய பின் பதில் வராமல் நேரம் கடந்தால், மாற்றம் நடக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். மாற்றம் நடந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். கெட் மூலம் மதிப்பைப் படித்துப் பார்த்துவிட்டே அடுத்ததைச் செய்யுங்கள். பெரிய மாற்றத்துக்கு முன், பத்து நிமிடத்தில் தானாக மறுதொடக்கம் ஆகும்படி தொலை ரவுட்டருக்குக் கட்டளை தந்து வைப்பது எங்கள் வழக்கம். செட் மூலம் எழுதியது பெரும்பாலான பெட்டிகளில் நினைவகத்தில் மட்டுமே இருக்கும். சேமிக்காதவரை மறுதொடக்கம் பழைய நிலையை மீட்டுத்தரும். எல்லாம் சரியாக இருந்தால் அந்தக் கட்டளையை நீக்கிவிட்டு, அமைப்பைச் சேமிக்க மறவாதீர்கள். சேமிக்காமல் விட்டால் அடுத்த மின்வெட்டில் செய்த வேலை போய்விடும்.

அறிவிப்புகள்

ரவுட்டர் தானாகவே யுடிபி 162ஆம் போர்ட்டுக்கு அனுப்பும் ட்ராப் அறிவிப்புகளையும் இயக்கி வையுங்கள். ஓஎஸ்பிஎஃப் அண்டை நிலை மாறியதைச் சொல்வது 1.3.6.1.2.1.14.16.2.2. ஆனால் ட்ராப் போய்ச்சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. பாதை விழுந்த செய்தியை விழுந்த பாதையிலேயே அனுப்பும் ரவுட்டரும் உண்டு. ஆகவே நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுப் பார்ப்பதை நிறுத்தாதீர்கள்.

எல்லாம் அமைத்த பிறகு ஒரு வேலை மீதி இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை, வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, விடியற்காலை 3 மணிக்குத் திருப்பூர் ரவுட்டரில் தாராபுரம் பக்கத்து இடைமுகத்தின் ஓஎஸ்பிஎஃப்பை மட்டும் இரண்டு நிமிடம் நிறுத்துங்கள். அண்டை வரிசை நீங்கியதும் தாராபுரத்திடம் 1.3.6.1.2.1.1.3.0 என்று கேளுங்கள். பதில் வந்தால் நிலையான பாதை உயிரோடு இருக்கிறது. வரவில்லை என்றால், ஓஎஸ்பிஎஃப்பை மீண்டும் இயக்கி, நிலை 8க்கு வந்ததைப் பார்த்தபின், அன்றைக்கே அந்தப் பாதையைச் சரிசெய்து, பதிவேட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்.